நானூறு மில்லி செக்கன்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து குவிந்த பொருட்களில் பாதி எங்களுக்குத் தேவையில்லாதவை. குருக்கள்மடத்தில் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரமும் கிணறும் மட்டும்தான் மிஞ்சின. அம்மாவின் உடல் கிடைக்கவில்லை. கூடாரத்தில் இருந்த எனக்கும் அப்பாவுக்கும் எந்த நாட்டிலிருந்தோ இரண்டு கம்பளிக் கோட்டுகள் வந்தன. கொண்டுவந்தவரின் முகத்துக்கு நேரே அவற்றை எறிந்தேன். அவர் பாவம், பட்டியலில் இருந்ததைத் தந்தார். ஆனால் அந்த வருடம் நான் நியாயம் பார்த்துக் கோபப்படவில்லை. கண்ணில் பட்டவர்கள் எல்லாரோடும் சண்டை பிடித்தேன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கம்பியூட்டர் படித்திருந்தேன். அந்தப் படிப்பை வைத்து மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையில் இருந்த ஒரு செயற்கைக்கால் பட்டறையில் வேலை கிடைத்தது. பொறுப்பாளர் காத்தான்குடிக்காரர். வெளிநாட்டுக்குப் போய் கால் செய்யப் படித்துவிட்டு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னார்.

"இஞ்ச கம்பியூட்டருக்கு வேலை இல்ல தம்பி. வெளிநாட்டுக்காரன் ஒரு மிசின் அனுப்பியிரிக்கான். அதுக்காக உன்ன எடுக்கச் சொல்லி மேல இருந்து சொன்னாங்க. நான் கேக்கல்ல."

"நானும் கேக்கல்ல சேர்," என்றேன்.

எங்கள் உறவு அப்படித்தான் தொடங்கியது. பிறகும் பெரிதாகத் தேறவில்லை.

அந்த மிசின் ஒரு ஆளுயர இரும்புச் சட்டம். உள்ளே ஒரு நுரைக் கட்டியைச் செருகினால் ஒரு மோட்டர் அதைச் சுழற்றும். இன்னொரு மோட்டர் வெட்டும் பல்லை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும். மூன்றாவது மோட்டர் அந்தப் பல்லை மேலிருந்து கீழே கொண்டுபோகும். மூன்றும் ஒத்துப்போனால், வெட்டுப்பட்ட காலின் மீதித் துண்டு எந்த வடிவமோ அந்த வடிவத்தில் நுரை செதுக்கப்பட்டு வரும். அதன் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக்கைப் போர்த்தி எடுத்தால் ஒரு கிண்ணம். நாங்கள் அதைச் சொக்கெட் என்போம். மீதிக்கால் உட்காருவது அதற்குள்தான். பாதத்தையும் தண்டையும் யாரும் பொருத்தலாம். சொக்கெட் பிழையானால் எல்லாம் பிழை.

மிசின் வந்தது. அதை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி வரவில்லை. வழியில் எங்கோ தடுத்துவிட்டார்கள். பட்டியலில் அதன் பெயரோடு டைமர் என்ற சொல் இருந்ததாம். குண்டுக்கு உதவும் என்று எங்கள் மாவட்டத்துக்கு டைமர் வர விடமாட்டார்கள். பொறுப்பாளர் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பதில் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நீ படிச்சனி தானே. பெட்டி செய்யிற வேலய கம்பியூட்டர செய்ய வை பாப்பம்," என்றார். என்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது. அதனாலேயே ஓம் என்றேன்.

வேலை கேட்பதற்குச் சின்னதுதான். அந்த மோட்டர்களுக்கு ஒரு மின்துடிப்புக் கொடுத்தால் ஓர் அடி திரும்பும். அடுத்ததுக்கு அடுத்த அடி. பிரிண்டர் கொழுவும் துளையிலிருந்து வயர் இழுத்து, ஒரு மில்லி செக்கனுக்கு ஒரு துடிப்பு என்று ஒரே சீராக அனுப்ப வேண்டும். செக்கனுக்கு ஆயிரம். துடிப்பு சீராக வந்தால் மோட்டர் பாட்டுப் பாடுகிற மாதிரி ஓடும். முன்னே பின்னே வந்தால் திணறும். மிகவும் நெருங்கி வந்தால் அதற்குப் பின்தொடர ஏலாது. சில அடிகளைத் தவறவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்ந்து ஓடும்.

முதலில் மடையன் மாதிரி எழுதினேன். ஒரு துடிப்பை அனுப்பு, ஒரு மில்லி செக்கன் தூங்கு, எழும்பி அடுத்ததை அனுப்பு. மோட்டர் கிழவன் இருமுகிற மாதிரி இருமியது. கம்பியூட்டரிடம் ஒரு மில்லி செக்கன் தூங்க வேண்டும் என்றால் அது தன் வசதிக்குத்தான் எழுப்பும். அதன் உள் மணி பதினைந்து, பதினாறு மில்லி செக்கனுக்கு ஒரு தடவைதான் அடிக்கும். அந்த மணி அடிக்கும் வரை யார் கேட்டாலும் அரசாங்கக் கச்சேரியில் மாதிரி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த மணியை வேகமாக அடிக்கச் சொல்ல ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. புத்தகம் இல்லை. நகரில் இருந்த ஒரு இன்டர்நெட் கடையில் பாதை மூடாத நாட்களில், கரண்ட் நிற்காத நேரங்களில் தேடினேன்.

மணி வேகமான பிறகும் நேரம் நழுவியது. துடிப்பை அனுப்பவும் கொஞ்ச நேரம் போகிறது. அதன் பிறகு ஒரு மில்லி செக்கன் தூங்கினால் மொத்தம் ஒன்றுக்கு மேல். அந்தச் சின்ன மிச்சம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிக்கூடி, மேலே சரியாக இருந்த வடிவம் கீழே போகப் போக முறுகியது. ஏனென்று ஒரு நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது பிடிபட்டது. முந்தைய துடிப்பிலிருந்து கணக்குப் பார்க்கக் கூடாது. தொடங்கிய கணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆயிரமாவது துடிப்பு அதிலிருந்து ஆயிரமாவது மில்லி செக்கனில், இரண்டாயிரமாவது இரண்டாயிரத்தில் என்று முன்கூட்டியே நேரம் எழுதிவிட வேண்டும். ஒன்று பிந்தினாலும் அடுத்தது பிந்தாது. கடைசித் துளி நேரத்தில் தூங்காமல், கம்பியூட்டருக்குள் இருக்கும் மிக நுண்ணிய எண்ணியைப் பார்த்தபடி விழித்துக் காத்திருக்க வேண்டும். இதைச் செய்ததும் மோட்டர் முதல் தடவையாகப் பாட்டாக ஓடியது.

துடிப்பு அனுப்பும் பகுதிக்கு நான் வைத்திருந்த பெயர் 'வெடி'. மோட்டர் ஒவ்வொரு அடிக்கும் டப் டப் என்றதால் விளையாட்டாக வைத்த பெயர். அதை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

பொறுப்பாளர் வந்து பார்த்தார். செதுக்கி வந்த நுரையைக் திருப்பித் திருப்பித் தடவினார். "அல்லாஹ்வே, பழுதில்ல," என்றார். ஒரு மனிதனைப் பிடிக்காமலே அவன் வேலையை ஒத்துக்கொள்வது எப்படி என்பதை அவரிடம்தான் பார்த்தேன். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அந்த மிசினில் கால்கள் செய்தோம். சிலது நன்றாக வந்தன. சரிவராதவற்றைப் பொறுப்பாளர் கையால் திருத்தினார்.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சண்டை முடிந்து, இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்த சனங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய காலத்தில் அந்த அக்கா வந்தார். கரடியனாற்றுக்காரர். நாற்பது வயது. கணவர் முன்பே இல்லை. சொந்தமாக வயல் செய்தவர். முகாமிலிருந்து ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தன் வயல் வட்டையைப் பார்க்கப் போயிருக்கிறார். வயல் வரம்பில் மிதிவெடி. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புண் ஆறி எங்களிடம் வர அடுத்த வருட ஆவணியாகிவிட்டது.

வந்தவுடன் மிசினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கால எடுத்தவனும் ஒரு மிசினத்தான் வெச்சான். நீயும் ஒரு மிசினத்தான் வெச்சிரிக்காய்."

"இது வேற மிசின் அக்கா."

"சேத்துக்க இறங்க ஏலுமா இந்தக் காலோட? அதச் சொல்லு. விதைப்புக்கு முதல் எனக்குக் கால் வேணும். பாக்கிறதுக்கு வடிவான கால் எனக்குத் தேவையில்ல."

"அவசரப்பட்டா ஒண்டும் சரிவராது."

"நான் ஒரு வருசம் குந்தியிருந்தது அவசரமா தம்பி?"

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. பொறுப்பாளர் அவர் காலில் ஈரமான பிளாஸ்டர் மாவுத் துணியைச் சுற்றி அச்சு எடுத்தார். காயும் வரை அசையக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். அவர் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி இருந்தார். அந்த அச்சை அளந்து எண்களாக்கிக் கம்பியூட்டரில் போட்டேன்.

அவர் அளவுக்கு எங்களிடம் ஒரேயொரு நுரைக் கட்டிதான் இருந்தது. பாதை மூடிக்கிடந்தது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மிசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். பாதிக்கு மேல் வந்தபோது சத்தம் நின்றது. ஒரு இமைப்பொழுதுதான். பிறகு மூன்று மோட்டர்களும் ஒரு தரம் கர்ரென்று கனைத்துவிட்டுப் பழையபடி ஓடின. வைரஸ் தேடும் புரோகிராம் தானாக எழும்பியிருந்தது. அது கம்பியூட்டரை முழுதாகப் பிடித்துக்கொண்டதில் என் புரோகிராமுக்கு நேரம் கிடைக்கவில்லை. கிடைத்ததும், நான் எழுதியபடியே, தவறிப்போன அத்தனை துடிப்புகளையும் பிந்தாமல் முடிக்க ஒரே மூச்சில் அனுப்பித் தள்ளியது. மோட்டர்களால் அதைப் பின்தொடர முடியவில்லை. சில அடிகளைத் தவறவிட்டன. அதற்குக் கீழே செதுக்கியதெல்லாம் கொஞ்சம் இடம் மாறிவிட்டது.

அது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது. அந்தச் சத்தம் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஆனால் பார்வைக்கு நுரை நன்றாக இருந்தது. கையால் தடவினேன். ஒரு இடத்தில் மெல்லிய படி மாதிரி ஒன்று தட்டியது. உப்புத்தாளால் தேய்த்து விட்டேன். வேறு கட்டி இல்லை, விதைப்பு வருகிறது, பொறுப்பாளரிடம் சொன்னால் "அப்பவே சொன்னன்" என்பார். இவ்வளவும் நினைத்தேன். அந்தக் காலைப் பற்றி நினைக்கவில்லை.

பிறகு, புரோகிராம் தானாக எழுதி வைத்த நேரப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே நானூறு மில்லி செக்கன். அதற்கடுத்த நானூறு துடிப்புகளும் இடைவெளியே இல்லாமல். அந்தப் பதிவை அழித்தேன்.

பிளாஸ்டிக்கைப் போர்த்தி எடுத்ததும் உள்ளே இருந்த நுரையை எப்போதும் போல உடைத்து எறிந்தோம். மாவு அச்சும் உடைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

பத்து நாளில் அக்கா திரும்பி வந்தார். ஊன்றுகோல் கையில், கால் பையில். மீதிக்காலின் உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து சீழ் வைத்திருந்தது.

"பாருங்க. இதத்தான் கால் எண்டு தந்தீங்க," என்று பையை மேசையில் போட்டார்.

பொறுப்பாளர் புண்ணைப் பார்த்தார். சொக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். என் பக்கம் திரும்பினார்.

"மிசின் ஏதும் செஞ்சதா?"

"இல்ல சேர். நல்லாத்தான் ஓடினது." என் குரல் சாதாரணமாகவே இருந்தது. "மாவு காயக்குள்ள அவ அசைஞ்சாவோ தெரியா."

"நான் அசையல்ல!" என்றார் அக்கா.

"அசையாம இப்படி வராது புள்ள," என்று பொறுப்பாளர் அவரைக் கண்டித்தார். "ரெண்டு தரம் சொன்னன் தானே. உங்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்பியூட்டரைப் பார்த்தேன். அவர் குரல் இறங்கியது. "அசைஞ்சனோ தெரியா. வலிச்சது. அசைஞ்சிருப்பன்."

புண் ஆறும் வரை வேறு கால் போட முடியாது. அந்த விதைப்பு அவருக்கு இல்லாமல் போனது. வயலை வேறு ஒருவர் செய்தார்.

அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் சொல்லாமல் புரோகிராமைத் திருத்தத் தொடங்கினேன். எதிலே பிழை என்பது தெரிந்துதான் இருந்தது. பிந்திப்போன துடிப்புகளை விரட்டிப் பிடிக்கக் கூடாது. போன நேரம் போனதுதான். எவ்வளவு நேரம் போனதோ அவ்வளவுக்கு மூன்று மோட்டர்களின் நேர அட்டவணையையும் ஒன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நின்ற இடத்திலிருந்து மெதுவாக வேகம் எடுக்க வேண்டும். வடிவத்துக்கு நேரம் முக்கியமில்லை, மோட்டர்கள் ஒன்றையொன்று விட்டுப் போகாமலிருப்பதுதான் முக்கியம். அதோடு கம்பியூட்டரில் வேறெந்தப் புரோகிராமும் எழும்பாதபடி எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும். இவற்றைத் தாள்களில் தமிழில் எழுதி, சோதனைப் பதிவுகளையும் அச்சடித்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் படித்துக்கொண்டு போவேன்.

வழியில் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பையைத் திறந்து பார்ப்பது வழக்கம். அன்றைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் நின்றான். என் தாளை எடுத்து வாய்விட்டு வாசித்தான்.

"'டைமர். ஒவ்வொரு வெடியையும் முதல் வெடியிலிருந்து கணக்கிட வேண்டும். வெடி பிந்தினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடக்கூடாது.'"

அவன் இரண்டாவது தரம் வாசிக்கவில்லை.

என்னை ஒரு படைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். சீமெந்துத் தரையில் இருத்தினார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் தாள்களை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"டைமர் எதுக்கு?"

"மோட்டருக்கு சேர். கால் செய்யிற மிசின்."

"ஒரு வெடி, அடுத்த வெடி, எவ்வளவு நேரம்?"

"ஒரு மில்லி செக்கன் சேர்."

"எத்தனை வெடி?"

"ஒரு காலுக்கு லெச்சக்கணக்கில வரும் சேர்."

"ஒரு காலுக்கா?"

தாள்கட்டால் காதோடு சேர்த்து அடித்தார். அது மோட்டரின் சத்தத்துக்கு வைத்த பெயர் என்றேன். எந்த மனிசன் மோட்டருக்கு வெடி என்று பெயர் வைப்பான் என்று கேட்டார். நேரத்தை எப்படிப் பிசகாமல் அளப்பது என்பதை எவ்வளவு தெளிவாக விளக்கினேனோ அவ்வளவுக்கு என் நிலைமை மோசமானது. இவ்வளவு துல்லியமாக நேரம் பார்க்கிறவன் நல்லவனாக இருக்க முடியாது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் அப்படி வாகனத்தில் ஏற்றப்பட்டவர்களில் திரும்பி வராதவர்கள் இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், என்னைக் கேள்வி கேட்டவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை என்னை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பொறுப்பாளர் அங்கே நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு அக்கா. புண்ணுக்குத் துணி மாற்றப் பட்டறைக்கு வந்தவர், நான் பிடிபட்ட செய்தியைக் கேட்டுவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பொறுப்பாளர் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக எழுதிய கடிதங்களைக் காட்டிப் பேசினார். அதிகாரி அவற்றை வாங்கவில்லை. அப்போது அக்கா முன்னால் வந்து, பையிலிருந்த காலை எடுத்து அவர் மேசையில், அந்தத் தாள்களின் மேலேயே வைத்தார்.

"இதுக்குத்தான் டைமர்," என்றார்.

அதிகாரி அதைத் தொடாமல் பார்த்தார். "உன்ட கால் எங்க போச்சு?"

"மிதிவெடி."

"யார் வெச்சது?"

"நீங்க வெச்சதோ, அவங்க வெச்சதோ. அதில பேர் எழுதியிருக்கல்ல."

பொறுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அக்காவின் பாவாடைக்குக் கீழே தெரிந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"புதுக் கால் இருந்தா ஏன் போடல்ல? ஏன் ரத்தம்?"

"அது என்ட பிழை," என்றார் அக்கா. "அளவெடுக்கக்குள்ள நான் அசைஞ்சிட்டன். அதால பிழைச்சிட்டு. இந்தத் தம்பி நல்லாத்தான் செஞ்சவர். அவர விடுங்க. அவர் இல்லாட்டி எனக்குக் கால் இல்ல."

அந்த இரண்டு நாளில் வாங்கிய எந்த அடியும் எனக்கு அப்படி வலிக்கவில்லை. நான் சொன்ன பொய்யை அவர் தன் வாயால் எடுத்து, என்னை மீட்க அங்கே வைத்தார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் வெளியே வந்திருக்க மாட்டேன். அது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் நான் பேசாமலிருந்தது அதற்காக மட்டுமில்லை.

மத்தியானத்துக்கு முன்பே விட்டார்கள். தாள்களைத் தரவில்லை. மூவரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். பொறுப்பாளர் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார். அக்கா காலை மடியில் வைத்திருந்தார்.

"உன்னில இரக்கப்பட்டு வரல்ல," என்றார் என்னைப் பார்க்காமல். "என்ட கால் இன்னும் முடியல்ல. அதுதான்."

வாவியோரமாகப் போய்க்கொண்டிருந்தோம். நான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை.

"அக்கா, நீங்க அசையல்ல."

"என்ன?"

"மிசின் பிழைச்சது. என்ட புரோகிராம். எனக்கு அண்டைக்கே தெரியும். சத்தம் கேட்டன். அது பதிஞ்சிருந்தத அழிச்சிட்டன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் அசைஞ்சன் எண்டு நான் நம்பினன்," என்றார் மெதுவாக. "எத்தின நாள் நெனச்சிருப்பன். கொஞ்சம் பொறுத்திருந்தா விதைச்சிருக்கலாமே எண்டு என்னையே ஏசினன். இப்ப அங்க போயும் அதத்தானே சொன்னன். நீ கேட்டுக்கொண்டு நிண்டாய்."

"ஓம் அக்கா."

"ஆட்டோவ நிப்பாட்டு."

டிரைவர் தயங்கினார். "நிப்பாட்டு எண்டன்!" என்று அக்கா கத்தினார். ஆட்டோ நின்றது. ஊன்றுகோலை ஊன்றி, காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். பொறுப்பாளரும் இறங்கினார்.

"சேர், வெயில்..." என்றேன்.

"நீ போ," என்றார் அவர். "உன்ட மூஞ்சயப் பாக்க ஏலாம இரிக்கி எனக்கு."

இருவரும் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். அவர் அக்காவின் வேகத்துக்கு நடந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். எனக்கு வேறு போக இடமில்லை. பொறுப்பாளர் வாசலிலேயே மறித்தார்.

"உன்னக் கலைச்சிருப்பன். அந்த மிசின ஓட்ட வேற ஆள் இல்ல. அது உன்ட நல்ல காலம், எங்கட கெட்ட காலம்." பிறகு, "நான் அந்தப் புள்ளயக் கண்டிச்சன். உன்ட சொல்லக் கேட்டு. அத நான் எப்பிடித் திருப்பி எடுக்கிற? சொல்லு," என்றார்.

அவர் விலகியதும் உள்ளே போய் மிசினைத் துடைக்கத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து செதுக்கி வரும் ஒவ்வொரு நுரையையும் அவர் அளவு பார்க்கும் இடுக்கியை வைத்து மேலிருந்து கீழே பத்து இடத்தில் அளந்தார். அச்சையும் உடைக்க விடவில்லை. நேரப் பதிவை அச்சடித்து அவர் மேசையில் வைத்த பிறகுதான் பிளாஸ்டிக்கைச் சூடாக்கலாம். அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று என்னிடமே கேட்டுப் படித்தார். இரண்டு துடிப்புக்கு இடையே எங்காவது பிசகிருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "இது என்ன?" என்பார். நான் விளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். அவர் குரலில் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. என் புரோகிராம் உண்மையில் திருந்தியது அந்தச் சந்தேகத்தால்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுதியிருந்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, கம்பியூட்டரில் வேறு எதுவுமே இயங்காதபடி ஒரு பழைய சிஸ்டத்தைப் போட்டு, அதில் முதலிலிருந்து எழுதினேன். சும்மா சோதிப்பதற்கு ஓடும் மிசினின் கம்பியூட்டரை நானே வேண்டுமென்று திணற வைப்பேன். மோட்டர்கள் ஒன்றாக நிற்கும், ஒன்றாக மெதுவாகப் புறப்படும். துடிப்பு ஒன்றும் தவறாது.

அக்காவின் புண் ஆறிய பிறகு புதிதாக அச்செடுத்தார்கள். அன்றைக்கு நான் அறைக்குள் இருக்கக் கூடாது என்று அக்கா நிபந்தனை போட்டார். நுரையைச் செதுக்கிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். பொறுப்பாளர் அளந்தார். சரியாக இருந்தது. சொக்கெட் பொருந்தியது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கூடத்தில் பிடிகம்பிகளுக்கு நடுவே அக்கா நடப்பதை ஜன்னலூடாகத்தான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு, திரும்ப, மறுபடியும், பொருளில் குறை கண்டுபிடிக்க வந்தவர் மாதிரி நடந்தார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த நாளில் நகரில் பட்டாசு கொளுத்தினார்கள். பட்டறையில் காத்திருந்தவர்களில் மூன்று பேர் அந்தச் சத்தத்துக்குக் கதிரையை விட்டுக் கீழே இறங்கிக் குந்திக்கொண்டார்கள். பொறுப்பாளர் எழும்பிப் போய் ஜன்னல்களைச் சாத்தினார். மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு வந்த மாதங்களில் வடக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கணக்கில்லாத வேலை. அவரும் நானும் வேலையைத் தவிர வேறு ஒன்றும் பேசாமல் அந்தக் கால்களைச் செய்தோம்.

அதற்கடுத்த வருடம் கரடியனாற்றில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு நாள் முகாம் வைத்தோம். கால் போட்டவர்களுக்குத் தேய்ந்ததைப் பார்த்து மாற்றிக் கொடுப்பது. அக்கா வந்தார். ஊன்றுகோல் இல்லை. பாதத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. வட்டையிலிருந்து நேரே வந்திருக்கிறார். பாதத்தின் ரப்பர் கிழிந்திருந்தது. அந்த நேரம் பொறுப்பாளர் வேறொருவரோடு இருந்ததால் ஆட்களைக் கூப்பிட்டு இருத்திக்கொண்டிருந்தது நான்தான்.

"இதில இரிங்க அக்கா," என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

அவர் என்னைக் கடந்து பொறுப்பாளரைப் பார்த்துச் சொன்னார். "சேர், நீங்க வாற வரைக்கும் நான் நிக்கிறன். இந்த மனிசன் என்ட காலத் தொடப்படா."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொறுப்பாளர், "தம்பி, நீ வேனுக்குப் போய் ரப்பர் பாதம் ஒண்டு கொண்டு வா. வலது," என்றார். போய் எடுத்து வந்தேன். அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். அக்கா இரண்டு மணித்தியாலம் நின்றார். முடிந்ததும் என் முன்னாலேயே படியிறங்கி, என்னைப் பார்க்காமல், வாய்க்கால் பக்கமாக நடந்து போனார்.